விலங்குரிமைப் போராட்டம்: அறவழியின் செய்முறை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விலங்குரிமை ஆர்வலர்கள் செய்தியில் அடிபடுவது பெரும்பாலும் பூட்டு உடைந்தபோதும், சிவப்புச் சாயம் கொட்டப்பட்டபோதும், யார் வீட்டுக்கோ மிரட்டல் போனபோதும்தான். அதனால் இந்தத் துறையில் இரண்டே வகை ஆட்கள் இருப்பதாக ஓர் எண்ணம் படிந்துவிட்டது: துணிந்து அடிப்பவர்கள், கண்ணீரோடு மனு எழுதுபவர்கள். முயலின் கண்ணில் ரசாயனம் விடுவது குறைந்ததற்கும், பழைய வகைக் கோழிக்கூண்டுகள் ஐரோப்பாவில் சட்டத்தால் ஒழிக்கப்பட்டதற்கும் இந்த இரு வகையினரைவிட மூன்றாவது வகையினரே அதிகக் காரணம். யாரையும் அடிக்காமல், எதையும் கொளுத்தாமல், கணக்குப் போட்டு விடாப்பிடியாக அழுத்தம் கொடுத்தவர்கள் அவர்கள். அந்த முறை கற்றுக்கொள்ளக்கூடிய ஒரு தொழில். அதன் நுணுக்கங்களையும், அது எங்கெங்கே சறுக்குகிறது என்பதையும் இந்த வேலையில் இருப்பவர்கள் என்ற முறையில் எழுதுகிறோம்.

முதலில் ஹென்றி ஸ்பைரா. நியூயார்க்கில் பள்ளி ஆசிரியர். அதற்கு முன் கப்பல் தொழிலாளி, தொழிற்சங்கக்காரர். 1976இல் அவர் கையில் எடுத்தது அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூனைகள் மீது நடந்துவந்த ஓர் ஆய்வை. பூனைகளின் புலன்களைச் சிதைத்துவிட்டு, அவற்றின் பாலுறவு நடத்தை எப்படி மாறுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். விலங்குச் சோதனை எத்தனையோ கூடங்களில் நடக்கும்போது இந்த ஒன்றை மட்டும் ஏன் பிடித்தார் என்பதில்தான் பாடம் இருக்கிறது. பணம் அரசுடையது. கட்டடமோ பொதுமக்கள் பிள்ளைகளோடு வந்துபோகும் இடம். ஆய்வால் எந்த நோயாளிக்கும் மருந்து வரப்போவதில்லை. நியாயம் சொல்ல நிர்வாகத்துக்கு வாயே இல்லை. தகவல் பெறும் சட்டத்தின் கீழ் ஆய்வாளர்களின் ஆவணங்களையே வாங்கி, அவர்கள் எழுதியதையே ஆதாரமாக வைத்துப் பேசினார். வாசலில் வாரந்தோறும் ஆர்ப்பாட்டம் ஓராண்டுக்கு மேல் நடந்தது. 1977 முடிவில் ஆய்வு நிறுத்தப்பட்டது.

அடுத்த இலக்கு டிரெய்ஸ் சோதனை. 1944இல் வகுக்கப்பட்ட இந்த முறையில், முயலின் ஒரு கண்ணின் கீழிமையை இழுத்து அந்தப் பையில் 0.1 மில்லி திரவத்தை விடுவார்கள். மறு கண்ணை ஒப்பிடுவதற்காக அப்படியே விட்டுவைப்பார்கள். ஒரு மணி நேரம், 24, 48, 72 மணி நேரம் என்று பார்த்து, புண், வெண்படலம், வீக்கம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் போடுவார்கள். தேவைப்பட்டால் 21 நாள் வரை நீளும். ஷாம்புவுக்கும் மை பூசும் பொருளுக்கும் இதே சோதனைதான். ஸ்பைரா மொத்த அழகுசாதனத் தொழிலோடும் மோதவில்லை. ரெவ்லான் என்ற ஒரே நிறுவனத்தை எடுத்துக்கொண்டார். அழகை விற்றுப் பிழைக்கும் நிறுவனத்துக்குக் குருடான முயலின் படத்தைவிடக் கெட்ட விளம்பரம் கிடையாது. ‘சோதனையை நாளையே நிறுத்து’ என்றும் அவர் கேட்கவில்லை. மாற்று முறைகளைக் கண்டுபிடிக்கும் ஆராய்ச்சிக்கு விற்பனை வருவாயில் பத்தாயிரத்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள் என்றார். மறுத்தால் மறுப்பவர்தான் கருமியாகத் தெரிவார் என்கிற அளவுக்குச் சிறிய தொகை அது. முதலில் நேரில் பேசினார். ஓராண்டுக்கு மேல் இழுத்தடித்தார்கள். 1980 ஏப்ரல் 15 அன்று நியூயார்க் டைம்ஸில், அழகுக்காக ரெவ்லான் எத்தனை முயல்களைக் குருடாக்குகிறது என்று கேட்டு முழுப்பக்க விளம்பரம் வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு 7,50,000 டாலர் தர ரெவ்லான் ஒப்புக்கொண்டது. ஏவான் என்ற இன்னொரு அழகுசாதன நிறுவனமும் பின்தொடர்ந்தது. 1981இல் தொழில் கூட்டமைப்பின் பணத்தில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மாற்று முறைகளுக்கென்றே ஒரு மையம் பிறந்தது.

அதன்பின் நடந்தது மெதுவானது. ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் தயாரான அழகுசாதனப் பொருள்களை விலங்குகளின் மீது சோதிப்பதையும், 2009இல் மூலப்பொருள்களைச் சோதிப்பதையும் தடுத்தது. 2013 மார்ச் 11 முதல், அப்படிச் சோதிக்கப்பட்டதை விற்பதே தடைசெய்யப்பட்டது. மனித உயிரணுக்களைக் கொண்டு ஆய்வகத்தில் வளர்க்கும் கருவிழித் திசு முறைக்கு 2015இல் ஓஈசிடி (பொருளாதார ஒத்துழைப்பு, வளர்ச்சி அமைப்பு) என்ற பன்னாட்டு அமைப்பின் வழிகாட்டி கிடைத்தது. மாற்று இருக்கிறது என்று காட்ட முடிந்ததால்தான் சட்டமன்றங்கள் ஆதரவாகக் கை தூக்கின. 1980இல் அந்தப் பணத்தைக் கேட்காமல் வெறும் ‘நிறுத்து’ என்ற முழக்கத்தோடு நின்றிருந்தால், இந்தத் தடைகளுக்குக் காலூன்ற இடம் இருந்திருக்காது.

கோரிக்கையை எழுதுவதுதான் இந்த வேலையிலேயே கடினமானது. கோழிக்கூண்டை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பாவில், வரிசையாக அடுக்கிய பழைய ‘பேட்டரி’ கம்பிக்கூண்டில் ஒரு முட்டைக்கோழிக்கு விதிப்படி கிடைத்த இடம் 550 சதுர சென்டிமீட்டர். ஏ4 தாள் ஒன்றின் பரப்பு 624. அந்தக் கூண்டுகளைத் தடைசெய்யும் ஆணை 1999இல் வந்தது. நடைமுறைக்கு வந்தது 2012 ஜனவரி 1. ஆனால் தடைசெய்யப்பட்டது வசதியற்ற கூண்டு மட்டும். 750 சதுர சென்டிமீட்டரும், முட்டையிட ஒரு கூடும், உட்காரும் கம்பியும் உள்ள ‘மேம்பட்ட’ கூண்டு இன்றும் சட்டப்படி செல்லும். ‘பேட்டரி கூண்டு ஒழிக’ என்று மட்டும் கேட்டவர்களுக்குக் கிடைத்தது இதுதான். கேட்டது கிடைத்துவிட்டது என்று எதிர்த்தரப்பு சொன்னால் மறுக்கவும் முடியாது.

ஆகவே ஒரு நிறுவனத்திடம் ‘கூண்டில்லா முட்டை’ என்ற வாக்குறுதியைக் கேட்பவர்கள் அதன் பொருளை எண்ணால் எழுத வேண்டும். ஐரோப்பிய ஆணையே ஒரு குறைந்தபட்ச அளவைத் தருகிறது: பயன்படும் பரப்பில் சதுர மீட்டருக்கு 9 கோழிகளுக்கு மேல் கூடாது, கோழி ஒன்றுக்கு 15 சென்டிமீட்டர் உட்காரும் கம்பி, ஏழு கோழிகளுக்கு ஒரு கூடு, தரையைக் கிளற ஒவ்வொன்றுக்கும் 250 சதுர சென்டிமீட்டர் உமியோ மரத்தூளோ பரப்பிய இடம். அதற்குப் பிறகும் ஓட்டைகள் உண்டு. ஓட்டோடு வாங்கும் முட்டையை மட்டும் மாற்றிவிட்டு, மயோனைஸிலும் கேக்கிலும் போகும் திரவ முட்டையையும் முட்டைப் பொடியையும் நைசாக விட்டுவிடுவார்கள். உரிமம் பெற்று நடத்தும் கிளைகளைக் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ‘கிடைக்கும் அளவுக்கு’ என்று ஒரு சொல்லை நுழைத்துவிட்டால் முழு வாக்குறுதியும் கரைந்துபோகும். எந்தெந்தப் பொருள், எந்தெந்த நாடு, எந்த ஆண்டு, ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் மாறியது என்ற அறிக்கை: இத்தனையும் எழுத்தில் இல்லாத வாக்குறுதியை வெற்றியென்று அறிவிக்கக் கூடாது.

கோரிக்கையின் பக்கவிளைவையும் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு மாட்டிலிருந்து 200 கிலோவுக்கு மேல் இறைச்சி வரும். கறிக்கோழியிலிருந்து சுமார் 2 கிலோ. மாட்டிறைச்சியைக் குறைக்கச் சொல்லும் பிரசாரம் மக்களைக் கோழிக்குத் திருப்பிவிட்டால், அதே எடைக்கு நூறு மடங்கு விலங்குகள் சாகும். அதுவும் மாட்டைவிட நெருக்கடியான கொட்டகையில் வாழ்ந்து சாகும். நல்ல எண்ணத்தோடு நடத்தப்பட்ட பல உணவுப் பிரசாரங்கள் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்த்ததேயில்லை.

ஆதாரம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெரும்பாலான இயக்கங்கள் மண்ணைக் கவ்வுவது இங்கேதான். படம்பிடித்த காணொளியின் மூலக்கோப்பை ஒருபோதும் திருத்தக் கூடாது. எடுத்த அன்றே மூன்று பிரதிகள் எடுத்து, அவற்றில் ஒன்றை வேறொரு கட்டடத்தில், வேறொருவர் பொறுப்பில் வைக்க வேண்டும். கோப்பின் ஹாஷ் எண்ணை (கோப்பு சற்று மாறினாலும் மாறிவிடும் அடையாள எண்) குறித்துவைத்தால், பின்னால் யாரும் மாற்றவில்லை என்று நிரூபிக்கலாம். யார், எங்கே, எத்தனை மணிக்கு எடுத்தார் என்ற குறிப்பு அன்றே, கையெழுத்தோடு இருக்க வேண்டும். ‘அன்றொரு நாள் அப்படி நடந்துவிட்டது’ என்பதுதான் பண்ணைக்காரரின் வழக்கமான பதில். ஆகவே மிகக் கொடூரமான முப்பது நொடியைவிட, பல நாள்களில் திரும்பத் திரும்ப நடந்த சாதாரணக் கொடுமைக்கே எடை அதிகம். படத்தைப் பார்த்து, இந்தக் காயம் எவ்வளவு பழையது, இந்த நடை எந்த நோயைக் காட்டுகிறது என்று ஒரு கால்நடை மருத்துவர் எழுத்தில் சொல்ல வேண்டும். சோக இசையைச் சேர்க்காதீர்கள். வேறு பண்ணையின் படம் ஒன்று தவறிப்போய்க் கலந்துவிட்டால், மீதி அத்தனை படங்களும் பொய்யென்று ஆகிவிடும்.

கொடுமையைக் கண்டும் புகார் கொடுக்காமல் மாதக்கணக்கில் படமெடுத்துக்கொண்டிருந்தால், ‘உங்களுக்கு விலங்கின் மீது அக்கறையா, விளம்பரத்தின் மீதா?’ என்ற கேள்வி வரும். நியாயமான கேள்விதான். ஒரு முறை நடந்தது தற்செயல் அல்ல என்று காட்டும் அளவுக்குச் சேர்ந்ததும் அதிகாரிகளிடம் கொடுத்துவிட வேண்டும். 2008 ஜனவரியில் கலிஃபோர்னியாவின் ஓர் இறைச்சிக்கூடத்தில், எழ முடியாத மாடுகளை ஃபோர்க்லிஃப்ட்டால் புரட்டும் ரகசியக் காணொளி வெளியானது. அடுத்த மாதமே 14.3 கோடி பவுண்டு மாட்டிறைச்சி திரும்பப் பெறப்பட்டது. அமெரிக்க வரலாற்றில் அதுவரை அவ்வளவு பெரிய இறைச்சித் திரும்பப்பெறல் நடந்ததில்லை. படம் பொய்யில்லை என்பதோடு, அதில் இருந்தது உணவுப் பாதுகாப்பு விதியையே மீறிய செயல் என்பதால் அரசால் அதைத் தட்டிக்கழிக்க முடியவில்லை.

பொய்யான வேலை விண்ணப்பம் கொடுத்து உள்ளே நுழைவதில் ஆபத்து உண்டு. ஃபுட் லயன் என்ற கடைச் சங்கிலிக்குள் அப்படி நுழைந்து படம்பிடித்த ஏபிசி தொலைக்காட்சி மீது வழக்கு வந்தபோது, ஒளிபரப்பியது உண்மையா என்பதே கேள்வியாகவில்லை. நுழைந்த விதம்தான் கேள்வியானது. 1997இல் நடுவர் குழு 55 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. 1999இல் மேல்முறையீட்டில் அது 2 டாலராகச் சுருங்கியதென்றாலும், அத்தனை ஆண்டு வழக்குச் செலவைத் தாங்கும் வலு சிறிய குழுக்களுக்குக் கிடையாது. அதனால் முதலில் தேட வேண்டியது அரசு ஆய்வறிக்கை, உரிம நிபந்தனை, நீதிமன்றப் பதிவு, நிறுவனத்தின் சொந்த ஆண்டறிக்கை. உப்புச்சப்பில்லாத காகிதங்கள்தான்; ஆனால் அவற்றை யாரும் பொய்யென்று சொல்ல முடியாது. இன்னொன்று: படத்தில் தொழிலாளியின் முகத்தை மறையுங்கள். வேலை வரிசை ஓடும் வேகத்தை முடிவுசெய்வது அவர் அல்லர். அவரைப் பலிகொடுத்துவிட்டு முதலாளி தப்பித்துக்கொள்வது நாம் எல்லோரும் பார்த்த கதை.

அழுத்தத்தைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். முதலில் முடிவெடுக்கும் அதிகாரமுள்ளவருக்குக் கடிதம். மக்கள் தொடர்புத் துறைக்கு எழுதினால் மக்கள் தொடர்புத் துறையின் பதில்தான் வரும். இரண்டு மூன்று வாரம் கழித்து நினைவூட்டல். பிறகு சந்திப்பு, அங்கே அதே தொழிலில் ஏற்கெனவே மாறிய நிறுவனங்களின் பட்டியல், செலவுக் கணக்கு, மாறுவதற்கான கால அட்டவணை ஆகியவற்றை மேசையில் வைக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், எந்தத் தேதியில் எது தொடங்கும் என்று எழுத்தில் அறிவித்துவிட்டு, விளம்பரம், பங்குதாரர் கூட்டத்தில் கேள்வி, வாசல் ஆர்ப்பாட்டம். புறக்கணிப்பைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். விற்பனை குறையாத புறக்கணிப்பு, உங்களுக்குப் பின்னால் ஆளில்லை என்பதை எதிராளிக்கு நீங்களே எழுதிக்கொடுத்ததாகும். செய்ய முடியாததை மிரட்டலாகச் சொல்லவே கூடாது. ஒப்புக்கொண்ட அன்றே ஆர்ப்பாட்டத்தை நிறுத்தி, வெளிப்படையாகப் பாராட்ட வேண்டும். பலருக்கு இது கசக்கும். ஆனால் இறங்கி வந்தவனையும் தொடர்ந்து அடித்தால், அடுத்த நிறுவனம் ஏன் இறங்கி வரப்போகிறது?

தெருவில் நிற்கும்போது காவல்துறையிடம் பேச ஒருவர், சீண்டுபவர்களைக் குழுவிடமிருந்து தள்ளிக் கூட்டிப்போய்ப் பேச ஒருவர், நடப்பதையெல்லாம் படமெடுக்க ஒருவர் என்று முன்கூட்டியே பிரித்துக்கொள்ள வேண்டும். இறைச்சிக்கூட வாசலில் விலங்கு லாரிகளுக்காகக் காத்திருக்கும் குழுக்கள், வண்டியை இரண்டு நிமிடம் நிறுத்த நிர்வாகத்திடம் முன்பே பேசி ஒப்புதல் வாங்குவது நல்ல வழக்கம். ஒப்புதல் இல்லாத இடத்தில் யாரும் சக்கரத்தின் முன்னால் போகக் கூடாது. 2020 ஜூனில் கனடாவின் ஒன்டாரியோவில் அப்படியொரு வாசலில் ஆர்வலர் ஒருவர் லாரி மோதி இறந்தார். அதே மாகாணத்தில் லாரியிலிருந்த பன்றிகளுக்குத் தண்ணீர் கொடுத்தவர் மீது போடப்பட்ட வழக்கு 2017இல் விடுதலையில் முடிந்தது. வழக்கு நடந்த காலம் முழுவதும், பன்றிகள் எப்படிக் கொண்டுபோகப்படுகின்றன என்பதைச் செய்தித்தாள்கள் எழுதிக்கொண்டே இருந்தன. தண்ணீர் கொடுத்ததற்கு வழக்குப் போட்டது எதிர்த்தரப்பு தானாகவே செய்துகொண்ட சேதம்.

முகத்தை மறைக்காமல், தொற்றுத் தடுப்பு உடையோடு உள்ளே போய், சாகக்கிடக்கும் ஓரிரு விலங்குகளை எடுத்துச் சிகிச்சை அளித்து, பெயரைச் சொல்லிப் பொறுப்பேற்கும் ‘வெளிப்படை மீட்பு’ 1990களில் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. இதுவும் வன்முறையற்றதுதான். ஆனால் அத்துமீறல் என்ற குற்றம் போய்விடாது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் இரண்டு பன்றிக்குட்டிகளை எடுத்தவர்களை 2022 அக்டோபரில் நடுவர் குழு விடுவித்தது. அவர்களில் ஒருவரே கலிஃபோர்னியாவில் வேறொரு வழக்கில் 2023இல் தண்டனை பெற்றார். வழக்கறிஞர், மருத்துவர், தனிமைப்படுத்தி வைக்கும் இடம் எதுவும் கையில் இல்லாமல், காணொளியில் பார்த்ததை வைத்துக்கொண்டு இளைஞர்கள் இதில் இறங்குவது எங்களுக்குச் சம்மதமில்லை. பறவைக்காய்ச்சல் காலத்தில் பண்ணைக்குள் போய்வரும் ஒரு காலணி, காப்பாற்ற வந்த கோழிகளையே கொன்றுவிடும்.

வன்முறையும் பலித்திருக்கிறதே என்று கேட்பார்கள். கேட்கட்டும். இங்கிலாந்தில் சோதனைக்கூடங்களுக்குக் கினிப்பன்றி வளர்த்த ஒரு பண்ணை, பல ஆண்டு மிரட்டலுக்கும், குடும்பத்தின் உறவினர் ஒருவரின் உடல் கல்லறையிலிருந்து தோண்டப்பட்டதற்கும் பிறகு, 2005இல் மூடுவதாக அறிவித்தது உண்மைதான். சோதனைக்கூடங்கள் அதனால் நின்றுவிடவில்லை. செய்தவர்களில் மூவருக்கு 2006இல் தலா 12 ஆண்டுச் சிறை. இதற்குள் விலங்கு ஆய்வு நிறுவனங்களைப் பாதுகாக்கத் தனிப் பிரிவுகளோடு 2005இல் பிரிட்டனில் சட்டம் வந்தது. 2006இல் அமெரிக்காவில் விலங்குத் தொழில்களுக்கு எதிரான ‘பயங்கரவாதம்’ என்றே பெயரிட்ட சட்டம் வந்தது. அதற்குப் பிறகு சட்டப்படி நடக்கும் குழுக்களும் அந்தச் சொல்லின் நிழலில்தான் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. 1998 ஆகஸ்டில் இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயரில் ஒரு பண்ணையிலிருந்து, ரோமத்துக்காக வளர்க்கப்பட்ட சுமார் 6,000 மிங்க்குகள் திறந்துவிடப்பட்டன. கொன்று தின்னும் விலங்கு அது. சுற்றுவட்டாரக் கோழிகளும் காட்டுப் பறவைகளும் இரையாயின. மிங்க்குகளில் பல சுடப்பட்டன, பல பிடித்துத் திரும்பக் கூண்டில் அடைக்கப்பட்டன. ரோமப் பண்ணைகளை அந்த நாட்டில் உண்மையாகவே ஒழித்தது 2000ஆம் ஆண்டின் தடைச்சட்டம்.

வன்முறை இயக்கங்களைவிட அறவழி இயக்கங்கள் இருமடங்கு வெற்றி பெறுகின்றன என்று ஓர் ஆய்வு மேடைகளில் அடிக்கடி சொல்லப்படுகிறது. அது 1900 முதல் 2006 வரை ஆட்சிகளையும் ஆக்கிரமிப்புகளையும் எதிர்த்த 323 போராட்டங்களைப் பற்றியது. கோழியால் வேலைநிறுத்தம் செய்ய முடியாது. ஒத்துழைக்க மறுக்கவும் முடியாது. அந்த எண்ணை அப்படியே இங்கே தூக்கிவந்து ஒட்டுவது சரியல்ல. எங்கள் துறைக்கு மேலே சொன்ன வழக்குகளே போதும்.

வென்ற பிறகு கண்காணிப்பு. கூண்டுகளை முற்றிலும் ஒழிக்கக் கோரி ஐரோப்பியக் குடிமக்கள் ஏறத்தாழ 14 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். 2021 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் இசைந்து, 2023 முடிவுக்குள் சட்ட வரைவு தருவதாகச் சொன்னது. 2023 முடிந்தது, வரைவு வரவில்லை. கையெழுத்து வாங்கிய நாளில் வெளியான செய்திகளில் கால்வாசிகூட, தவறிய நாளில் வெளியாகவில்லை என்பது எங்கள் மனத்தாங்கல்.

இதில் உங்கள் ஆசிரியர் குழு செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஒரு நிறுவனமோ அரசோ விலங்கு நலன் குறித்து வாக்குறுதி கொடுத்தால், அதில் சொல்லப்பட்ட ஆண்டை நாட்குறிப்பில் குறித்துவைத்து, அந்தத் தேதிக்கு ஆறு மாதம் முன்பும், தேதி கடந்த மறுநாளும் ஒரு நிருபரை அனுப்பிக் கேளுங்கள்: எத்தனை சதவீதம் மாறியது, யார் தணிக்கை செய்தார், திரவ முட்டையும் இதில் அடக்கமா?

இப்படிக்கு,
விலங்குரிமை இயக்கங்களில் பணியாற்றும் சிலர்